பயந்த நாய்தான் கடிக்கும்

ஒரு நாய் யாரையாவது கடித்துவிட்டால், அது எந்த இனம், யாருடைய நாய், உரிமம் வாங்கினார்களா என்றெல்லாம் கேட்கிறோம். அதை எப்படிப் பழக்கினார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. மனிதக் கை உயர்ந்தால் அடி விழும் என்று கற்ற நாயும், அந்தக் கையிலிருந்து நல்லது கிடைக்கும் என்று கற்ற நாயும் ஒரே தெருவில்தான் நடக்கின்றன. அவற்றில் எது நம் குழந்தைகளுக்கு ஆபத்தாக மாறும் என்பதில் பயிற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. நாயை அடித்துப் பழக்குவது விலங்குவதை. அத்துடன் அது பொதுப் பாதுகாப்புக்கும் கேடு.

2024 மே மாதம், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. 2025 ஆகஸ்ட்டில், ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் கடித்து ஒருவர் உயிரிழந்தார். 2024இல் மட்டும் நாடு முழுவதும் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவானதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

ஒவ்வொரு துயரத்துக்குப் பிறகும் விதிகள் இறுகுகின்றன. 2024 மார்ச்சில், 23 வகை நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனையைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு மத்திய அரசு கடிதம் எழுதியது; அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்துசெய்தது. சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பொது இடங்களில் கழுத்துக் கயிறும் வாய்மூடியும் அவசியம் என்கிறது.

இவை எல்லாம் தேவைதான். ஆனால், உரிமம் நாய் யாருடையது என்பதைத்தான் சொல்லும். எதிரே வரும் குழந்தையைப் பார்த்து அந்த நாய் நிதானமாக நிற்குமா, பாயுமா என்பதைச் சொல்லாது. அதைத் தீர்மானிக்கும் இடம் வீடு. அங்கே நாயிடம் நாம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றி நம் பொது விவாதத்தில் பேச்சே இல்லை.

அடி எதைக் கற்றுத்தருகிறது?

‘அடியாத மாடு படியாது’ என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. நாய் வளர்ப்பிலும் அதுவே பாடமாகிவிட்டது. 45 நாள் குட்டியை ஆசையாக வாங்கி வருகிறார்கள். ஆறு மாதத்தில் அது செருப்பைக் கடிக்கிறது, விருந்தாளி மேல் தாவுகிறது, கூடத்தில் சிறுநீர் கழிக்கிறது. உடனே சுருட்டிய செய்தித்தாளால் ஓர் அடி. சிறுநீரில் மூக்கைத் தேய்ப்பது. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு பயிற்சியாளர் வருகிறார்.

அவர் நல்லவராக வாய்த்தால் நாயின் அதிர்ஷ்டம். பலருக்குத் தெரிந்ததெல்லாம் இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி, உரத்த அதட்டல், நாயைக் குப்புறத் தள்ளி அமுக்கிப் பிடிப்பது. ஆணிபோல் உள்நோக்கிக் குத்தும் கழுத்துப்பட்டைகளும், பொத்தானை அமுக்கினால் மின்னதிர்ச்சி கொடுக்கும் பட்டைகளும் இணையக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. ‘நாய்க்கு நம்மிடம் பயம் இருக்கணும் சார்’ என்பதுதான் இந்த முறையின் மொத்தச் சாரம்.

நாய்க்கு வலி ஏற்படும்போது, தான் செய்த தவறு எது என்று அது யோசித்துப் பார்ப்பதில்லை. அந்த நொடியில் கண்முன் இருப்பதோடு வலியை முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. மாலை நடையில் எதிரே ஒரு குழந்தை வருகிறது, நாய் குரைக்கிறது, உரிமையாளர் சங்கிலியை வெட்டி இழுக்கிறார், கழுத்து வலிக்கிறது. இதுவே பல நாள் தொடர்ந்தால் நாய் கற்கும் பாடம் ஒன்றுதான்: குழந்தை வந்தால் கழுத்து வலிக்கும். குரைக்கக் கூடாது என்பதைக் கற்பித்ததாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குழந்தையை வெறுக்கக் கற்பித்திருக்கிறோம்.

இன்னொரு பெரிய ஆபத்து, உறுமலுக்குக் கொடுக்கப்படும் தண்டனை. நாய் எடுத்த எடுப்பில் கடிப்பது அரிது. முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், காதைப் பின்னுக்கு மடிக்கும், வாலை இடுக்கும், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும், உடல் விறைத்து அப்படியே நிற்கும். இத்தனையையும் நாம் கவனிக்காதபோதுதான் உறுமும். அதற்கு அடுத்த படி, பல்.

உறுமியதற்காக அடி வாங்கும் நாய் உறுமுவதை நிறுத்திக்கொள்ளும். அதன் பயம் அப்படியே இருக்கும். விசில் சத்தம் பிடிக்கவில்லை என்று குக்கரின் வெயிட்டை அடைத்துவைப்பதற்கு ஒப்பானது இது. ‘எங்க நாய் ரொம்ப சாது, ஏன் கடிச்சுதுன்னே தெரியலை’ என்று வேதனையோடு சொல்லப்படும் பல கதைகளுக்குப் பின்னால், எச்சரிப்பதற்கே தண்டனை வாங்கிய ஒரு நாய் இருக்கக்கூடும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

நாய்கள் ஓநாய்களின் வழிவந்தவை. கூட்டத்தில் ஒரு தலைவன் மற்றவற்றை அடக்கி ஆளும். எனவே, வீட்டில் மனிதர்தான் அந்தத் தலைவன் என்று நாய்க்கு உணர்த்த வேண்டும் என்பது அடித்துப் பழக்குவோரின் பழைய வாதம். இந்தக் கருத்துக்கு அடித்தளம் இட்டது 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் வெளியிட்ட ஆய்வு. அவர் கவனித்தவை, சுவிட்சர்லாந்தின் பாசெல் உயிரியல் பூங்காவில் அடைத்துவைக்கப்பட்டிருந்த ஓநாய்கள்.

காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக், 1970இல் தான் எழுதிய புகழ்பெற்ற நூலில் இதே கருத்தைப் பரப்பினார். பின்னர், 1999இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அவரே அதை மறுத்தார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, குட்டிகள். பெற்றோர் வழிநடத்துகிறார்கள், குட்டிகள் பின்தொடர்கின்றன. அடிதடிப் போட்டியில் வென்று தலைவனாகும் கதை அங்கே இல்லை. மூலக் கருத்தே சரிந்த பிறகும், நம் ஊர்ப் பயிற்சி மைதானங்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

நடத்தைச் சிக்கல்களுக்காக நாய்களை அழைத்துவந்த உரிமையாளர்களிடம், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கேட்டறிந்த விவரங்கள் 2009இல் வெளியாயின. நாயை அடித்தவர்கள், உதைத்தவர்களில் 43% பேர், பதிலுக்கு நாய் தங்கள் மேல் சீறியதாகச் சொன்னார்கள். மல்லாக்கத் தள்ளி அமுக்கியவர்களில் 31% பேருக்கு அதே அனுபவம். முதலில் கடிபடுவது வீட்டாரின் கைதான் என்பதை இது காட்டுகிறது.

2020இல் போர்ச்சுகலின் போர்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெவ்வேறு பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 நாய்களை ஒப்பிட்டார்கள். தண்டனை முறைப் பள்ளி நாய்களிடம் மன அழுத்தத்தின் அறிகுறிகள் அதிகம் தெரிந்தன. பயிற்சிக்குப் பின் அவற்றின் எச்சிலில் அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோனின் அளவு உயர்ந்திருந்தது. பயிற்சி முடிந்து வேறு இடத்துக்குப் போன பிறகும், உணவு இருக்குமா இல்லையா என்று தெரியாத கிண்ணத்தை அணுகுவதில் அவை தயங்கின. நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பே குறைந்துபோயிருந்தது.

அதே 2020இல் பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு, அழைத்தால் வராத 63 நாய்களைப் பற்றியது. மின்னதிர்ச்சிப் பட்டையோடு பழக்கியவர்கள், அந்தக் கருவியைக் கையாளுவதில் தேர்ந்தவர்கள். அப்படியும், பரிசு கொடுத்துப் பழக்கிய நாய்களைவிட அந்த நாய்கள் எந்த வகையிலும் மேலாகச் செய்யவில்லை. வலியைக் கொடுத்ததால் கூடுதலாகக் கிடைத்த பலன் ஒன்றுமில்லை.

இதெல்லாம் வெளிநாட்டு நாய்களுக்குத்தானே என்று கேட்கலாம். கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா தலைமையிலான குழு, நம் தெருநாய்களிடமே ஆய்வு நடத்தியிருக்கிறது. முன்பின் தெரியாத மனிதர் மீண்டும் மீண்டும் உணவு கொடுத்ததைவிட, மீண்டும் மீண்டும் தலையைத் தடவிக் கொடுத்தது அந்த நாய்களிடம் அதிக நம்பிக்கையை வளர்த்தது என்று 2017இல் வெளியான அவர்களின் ஆய்வு கூறுகிறது. யாரும் வளர்க்காத நாயே அன்பான தொடுதலை இப்படி மதிக்கிறது என்றால், நம் வீட்டில் வளரும் நாய்க்கு அடி எதற்கு?

பரிசு முறை என்பது என்ன?

பலன் தரும் செயலை எந்த உயிரும் மீண்டும் செய்யும். பரிசு முறைப் பயிற்சியின் அடிப்படை இவ்வளவுதான். 1960களில் ஹவாய்த் தீவில் டால்ஃபின்களைப் பழக்கிய கேரன் பிரையர் இதை நடைமுறையில் காட்டினார். டால்ஃபினுக்குக் கழுத்துச் சங்கிலி போட முடியாது. அடிக்க நினைத்தால் நீந்திப் போய்விடும். ஊதலும் மீனும் கொண்டே அவற்றுக்கு வியக்கத்தக்க செயல்களைக் கற்றுத்தந்தார்கள். 1984இல் அவர் எழுதிய புத்தகம் வழியாக இந்த முறை நாய் வளர்ப்போரிடம் பரவியது.

நாய் சரியாகச் செய்த அதே நொடியில் ‘சபாஷ்’ என்பதுபோல ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அடுத்த ஓரிரு நொடிக்குள் ஒரு துண்டு உணவு கொடுக்க வேண்டும். அந்தச் சொல் எப்போதும் மாறக் கூடாது. வீட்டில் அப்பா ஒரு சொல், பிள்ளைகள் ஒரு சொல் என்று இருந்தால் நாய் குழம்பிவிடும்.

உணவுத் துண்டு சுண்டல் அளவு இருந்தால் போதும். வேகவைத்த கோழி, ஈரல், முட்டை, கேரட் எதுவும் ஆகும். அன்றாட உணவிலிருந்தே இதற்கு ஒரு பங்கை எடுத்துவைத்தால் நாய் பருக்காது. சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சு, கொடுக்கவே கூடாது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை என்று பழக்கினால் போதும். நாய் களைத்துப்போகும் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க

உட்கார வைக்க: உணவுத் துண்டை நாயின் மூக்குக்கு அருகில் பிடித்து, தலைக்கு மேலாகப் பின்பக்கம் மெல்ல நகர்த்துங்கள். தலை நிமிரும்போது பின்புறம் தானாகத் தரையில் அமரும். அந்த நொடியில் பாராட்டு, பரிசு. இடுப்பை அமுக்கி உட்கார வைக்கத் தேவையே இல்லை.

விருந்தாளி மேல் தாவினால்: கத்துவதும் தள்ளுவதும்கூட நாய்க்கு விளையாட்டாகத் தோன்றும். எதுவும் பேசாமல் திரும்பி நில்லுங்கள். நான்கு காலும் தரையில் பட்டதும் குனிந்து கொஞ்சுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் இதையே சொல்லிவையுங்கள்.

நடையில் இழுத்தால்: கயிறு விறைத்ததும் நின்றுவிடுங்கள். தளர்ந்ததும் நடங்கள். இழுத்தால் போக முடியாது, இழுக்காவிட்டால் போகலாம் என்பதை நாயே கண்டுபிடிக்கும். கழுத்தை நெரிக்காமல் மார்போடு அணியும் பட்டை நல்லது.

சிறுநீர்ப் பழக்கத்துக்கு: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டியை வெளியே அழைத்துப் போங்கள். வெளியே கழித்தால் அங்கேயே பரிசு கொடுங்கள். வீட்டுக்குள் கழித்துவிட்டால் பேசாமல் துடைத்துவிடுங்கள். திட்டினால், உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய்க் கழிக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

கூப்பிட்டால் வருவதற்கு: வந்த நாயை ஒருபோதும் திட்டாதீர்கள். எவ்வளவு தாமதமாக வந்தாலும் வரவேற்பும் பரிசும் உண்டு என்றிருக்க வேண்டும். சாலையை நோக்கி ஓடும் நாயின் உயிரை ஒரு நாள் இந்த ஒரு பழக்கம் காப்பாற்றும்.

சாப்பாட்டுத் தட்டருகே உறுமினால்: தட்டைப் பறித்து அதிகாரம் காட்டாதீர்கள். சற்றுத் தள்ளி நின்று, தட்டில் இருப்பதைவிடச் சுவையான துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். மனிதர் அருகில் வந்தால் சாப்பாடு போகாது, கூடுதலாகக் கிடைக்கும் என்று நாய் படிப்படியாகப் புரிந்துகொள்ளும். அதுவரை குழந்தைகளைத் தட்டருகே விடவே கூடாது.

வாய்மூடி அணிவிக்க: மாநகராட்சியின் விதி நாய்க்குத் தண்டனையாக மாற வேண்டியதில்லை. மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் தரும் கூடை வகை வாய்மூடியைத் தேர்ந்தெடுங்கள். அதற்குள் உணவு வைத்து, நாய் தானாக மூக்கை நுழைக்கும்வரை காத்திருங்கள். பல நாள் பழகிய பிறகு வாரைப் பூட்டுங்கள். முதலில் சில நொடிகள், பிறகு சில நிமிடங்கள்.

தீபாவளி வெடிக்கு: சில வாரங்கள் முன்பே, பதிவுசெய்த வெடிச் சத்தத்தை மிகக் குறைவாக ஒலிக்கவிட்டு, கூடவே பிடித்த உணவைக் கொடுங்கள். நாய் நிதானமாக இருந்தால் மட்டும் ஒலியைச் சிறிது கூட்டுங்கள். பண்டிகை நாளில் உள்ளறையில் ஒதுங்க இடம் கொடுத்துக் கூடவே இருங்கள்.

எதிலும் அவசரம் கூடாது. நாய் பயந்தால் நாம் வேகமாகப் போகிறோம் என்று பொருள். ஒரு படி பின்வாங்கி மறுபடி தொடங்க வேண்டும்.

குட்டிப் பருவத்தைத் தவறவிடுகிறோம்

பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம்வரை, குட்டியின் மனம் உலகத்தை ஏற்றுக்கொள்ளத் திறந்திருக்கும். அந்தப் பருவத்தில் நல்லபடியாகப் பார்த்துப் பழகிய மனிதர்கள், குழந்தைகள், சத்தங்கள், வாகனங்களிடம் பிற்காலத்தில் அதற்குப் பயம் வருவது குறைவு.

இந்தப் பொன்னான வாரங்களில் நாம் என்ன செய்கிறோம்? எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. சந்தையிலோ ‘45 நாள் குட்டி’ என்று வெளிப்படையாகவே விற்கிறார்கள். தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கடியின் வலிமையைக் கட்டுப்படுத்தக் கற்கும் காலம் பாதியில் அறுந்துபோகிறது. வாங்கியவர், தடுப்பூசி முடியும்வரை குட்டியைப் பால்கனியிலோ மொட்டை மாடியிலோ அடைத்துவைக்கிறார்.

நோய்த்தொற்று பற்றிய அச்சம் நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது. தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டலாம். கோயில் மணி, ஆட்டோ, பள்ளி விடும் நேரத்துக் கூட்டம், குடை பிடித்தவர், தாடி வைத்தவர், தலைக்கவசம் அணிந்தவர் என்று எல்லாவற்றையும் தூரத்திலிருந்து பார்க்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு உணவு கொடுக்கலாம். உணவு கொண்டுவரும் இளைஞரைக் கண்டு ஒரு வயது நாய் பாய்வதற்கான காரணம், பெரும்பாலும் அதன் பத்தாவது வாரத்தில் இருக்கிறது.

நம் நாட்டு இனங்களுக்கு இது இன்னும் முக்கியம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களை இன்று மறுபடி விரும்பி வளர்க்கிறார்கள், மகிழ்ச்சிதான். ஆனால், பரந்த வெளியில் ஓடித் திரிந்த பரம்பரை அவற்றுடையது. காவலுக்கு என்று சொல்லி நாளெல்லாம் சங்கிலியில் கட்டிவைத்தால், அந்த நாய் எல்லா அந்நியரையும் எதிரியாகவே பார்க்கும். ஒருநாள் சங்கிலி அவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதைச் செய்தித்தாள்களில் படிக்கிறோம்.

எழும் சந்தேகங்கள்

‘உணவு கொடுத்தால் லஞ்சத்துக்குப் பழகிவிடாதா?’ என்று கேட்கிறார்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் உணவு கொடுக்கிறோம். பழக்கம் நிலைத்தபின் எப்போதாவது கொடுக்கிறோம். கதவு திறப்பது, பந்து எறிவது, நடைக்குக் கிளம்புவது, தலையைத் தடவுவது எல்லாமே பரிசாக மாறிவிடும். சம்பளம் வாங்கி வேலை செய்யும் யாரையும் நாம் லஞ்சம் வாங்குபவர் என்று சொல்வதில்லை.

‘செல்லம் கொடுத்தால் தலைமேல் ஏறாதா?’ பயமில்லாத பயிற்சிக்குக் கட்டுப்பாடு இல்லை என்று பொருள் அல்ல. செருப்பைக் கடிக்கும் குட்டிக்கு எட்டாதபடி செருப்பை எடுத்துவைப்பது, கடிக்க வேறு பொம்மை கொடுப்பது, விருந்தாளி வரும்போது கயிற்றில் வைத்திருப்பது, குழந்தையையும் நாயையும் தனியே விடாதிருப்பது எல்லாம் இதன் பகுதிகளே. தவறு நிகழும் வாய்ப்பை நாம் முன்கூட்டியே குறைக்கிறோம்.

‘ஆக்ரோஷமான பெரிய நாய்க்கு இது சரிவருமா?’ அதற்குத்தான் மிகவும் தேவை. பெரும்பாலான ஆக்ரோஷத்தின் அடியில் இருப்பது பயம். பயந்த ராட்வைலரை மேலும் பயமுறுத்துவது எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்ப்பது. எல்லா நாய்களுக்கும், ஆக்ரோஷமானவை உட்பட, பரிசு முறையே பொருத்தம் என்று விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021இல் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. கடித்த வரலாறு உள்ள நாயை வீட்டாரே திருத்த முனையக் கூடாது. முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காதுப் புண், பல்வலி, மூட்டுவலி போன்றவையும் சாதுவான நாயைத் திடீரெனச் சீறவைக்கும்.

‘தப்பு செய்தது அதற்கே தெரியும், முகத்தைப் பாருங்கள்’ என்பார்கள். 2009இல் அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதைச் சோதித்தார். தவறே செய்யாத நாயைத் திட்டியபோதும் அதே குற்ற முகத்தைக் காட்டியது. அது நம் கோபத்துக்கு அஞ்சிய முகம்.

சட்டத்தில் உள்ள இடைவெளி

1952இல் மாநிலங்களவை உறுப்பினரான ருக்மிணி தேவி அருண்டேல், விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாகவே 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் சென்னையில் தொடங்கிய விலங்குகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். அந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, விலங்கை அடிப்பதையும் உதைப்பதையும் குற்றம் என்கிறது. ஆனால், முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். பல பத்தாண்டுகள் ஆகியும் அது உயரவில்லை.

விலங்கை அலட்சியமாக வைத்திருந்து பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். கடித்த பிறகு தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. கடிக்காத நாயாக வளர்க்க உதவும் ஏற்பாடுதான் இல்லை. நாய்ப் பயிற்சியாளராக நம் நாட்டில் உரிமமோ கட்டாயத் தேர்வோ தேவையில்லை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதி 2010லேயே மின்னதிர்ச்சிப் பட்டைக்குத் தடை விதித்துவிட்டது. இங்கே அதை யாரும் வாங்கலாம். எந்த நாயின் கழுத்திலும் மாட்டலாம்.

என்ன செய்யலாம்?

1. உரிமம் வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும், நாயின் உடல்மொழியையும் அடிப்படைப் பழக்கங்களையும் விளக்கும் தமிழ்க் கையேடு ஒன்றை மாநகராட்சிகள் தர வேண்டும். முதன்முறை நாய் வளர்ப்பவருக்கு ஒரு மணி நேர வகுப்பைக் கட்டாயமாக்கலாம்.

2. வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், மாவட்டத் தலைநகரங்களின் கால்நடை மருத்துவமனைகளிலும் வாரம் ஒருநாள் குட்டிகளுக்கான பழக்க வகுப்பு நடத்தலாம். தடுப்பூசிக்கு வரும் நாளே இதற்கு ஏற்ற நாள்.

3. பயிற்சியாளர்கள் அனைவரையும் பதிவுசெய்து, எந்த முறையைக் கையாள்கிறார்கள் என்பதை எழுத்தில் தர வைக்க வேண்டும். மின்னதிர்ச்சிப் பட்டை, குத்தும் பட்டை ஆகியவற்றின் விற்பனையை மத்திய அரசு தடைசெய்ய வேண்டும். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் அபராதத்தை இன்றைய காலத்துக்கு ஏற்ப உயர்த்த வேண்டும்.

4. எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளை விற்கும் கடைகள், இணைய விளம்பரங்கள் மீது கால்நடைத் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும்.

5. தொடக்கப் பள்ளிகளில் ஒரு பாடவேளை ஒதுக்கி, தெரியாத நாயைத் தொடாமலும், சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் நெருங்காமலும் இருக்கச் சொல்லித்தர வேண்டும். நாய் துரத்தினால் ஓடாமல், கைகளை மடக்கி அசையாமல் நிற்கவும் பழக்க வேண்டும்.

6. நாய் வளர்ப்போர் எந்தப் பயிற்சியாளரிடமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள்? தவறாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? பயிற்சி முழுவதும் நான் உடனிருக்கலாமா? மூன்றாவது கேள்விக்கு ‘வேண்டாம்’ என்ற பதில் வந்தால், நாயைத் திரும்ப அழைத்துவந்துவிடுங்கள். ஒரு மாதம் விட்டுச் செல்லுங்கள், பழக்கித் தருகிறேன் என்பவரிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். நாயோடு வாழப் போகிறவர் நீங்கள் என்பதால் பயிற்சி உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இவற்றில் பெரும் செலவு பிடிப்பது எதுவும் இல்லை. உரிமத்தையும் வாய்மூடியையும் கொண்டுவந்த அரசு அமைப்புகள், அடுத்த அடியாகப் பயிற்சியையும் தங்கள் பொறுப்பாக ஏற்க வேண்டும். வீட்டில் நாய் இருப்பவர்கள் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இறுக்கும் சங்கிலியை இன்றே கழற்றிவைத்துவிட்டு, ஒரு கைப்பிடி உணவோடும் பொறுமையோடும் ஐந்து நிமிடப் பாடத்தைத் தொடங்கலாம். அதனால் நன்மை நாய்க்கு மட்டுமல்ல. அதே தெருவில் பள்ளிக்குப் போகும் ஒவ்வொரு குழந்தைக்கும்தான்.